வீட்டில் தின்கிற முட்டையைப் பால்வாடியில் தொடமாட்டேன் என்கிறாள், என்ன காரணம்?

ஆற்றுமேட்டுக்காரன் | திங்கள், இரவு 9.40

என் மகளுக்கு மூன்றரை வயது. அம்பாசமுத்திரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். ஆனி மாதத்திலிருந்து பால்வாடிக்குப் போகிறாள். காலையில் அழாமல் போகிறாள், மத்தியானம் சிரித்துக்கொண்டு வருகிறாள், அங்கே படித்த பாட்டையெல்லாம் ஆச்சியிடம் பாடிக் காட்டுகிறாள். சாப்பாடு மட்டும் அங்கே இறங்குவதில்லை.

வாரத்தில் மூன்று நாள் முட்டை கொடுக்கிறார்கள். வீட்டில் அவளுடைய ஆச்சி முட்டையை நூலால் இரண்டாக அறுத்து, உப்பும் நல்லமிளகும் தூவிக் கொடுத்தால் ஒன்றரை முட்டை தின்கிறவள். அங்கே கையிலேயே எடுப்பதில்லையாம். தக்காளிச் சாதத்தை அளைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாளாம். சாப்பாட்டு நேரம் முடிந்து கூட்டி வந்தால், வாசற்படி ஏறுவதற்கு முன்பே சோறு கேட்டு அழுகை.

அங்குள்ள டீச்சரிடம் கேட்டேன். "சில பிள்ளைகள் அப்படித்தான், பழகிவிடும்" என்றார். இரண்டு மாதம் ஆகிவிட்டது. தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்கிறாள் மனைவி. கண் பட்டிருக்கிறது என்று அம்மா உப்பும் வத்தலும் சுற்றி அடுப்பில் போட்டாயிற்று. வத்தல் நெடி வரவில்லை என்பதால் கண்தான் என்று முடிவும் செய்துவிட்டார். இங்கே யாருக்காவது இப்படி அனுபவம் உண்டா?

நுங்குவண்டி | திங்கள், இரவு 10.05

பசித்தால் தின்பாள். இதற்கெல்லாம் இழை ஆரம்பிக்கிற காலம் வந்துவிட்டது.

எனக்கு வயது 67. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கிடைத்தது கோதுமை ரவை உப்புமாவும் அமெரிக்கப் பால்பவுடரைக் கரைத்த பாலும். அந்தப் பாலின் வாடை இப்போது நினைத்தாலும் குமட்டும். குடித்தோமா இல்லையா? காமராஜர் 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தபோது அது நம் திருநெல்வேலி மாவட்டத்து மண்தான். சாப்பாடு போட்டால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரும் என்றுதான் போட்டார்கள். ஊட்டிவிட ஆள் கேட்கவில்லை.

பாளை_அம்மா | திங்கள், இரவு 10.31

அண்ணாச்சி, நீங்கள் பசியோடு போனீர்கள். இந்தப் பிள்ளைகள் காலையில் இட்லி தின்றுவிட்டுப் போகிறார்கள். கணக்கு ஒன்றாக இருக்காது.

தம்பி, தனியார் பள்ளி என்று மட்டும் ஓடிவிடாதீர்கள். நான் பாளையங்கோட்டையில் ஒரு மழலையர் பள்ளியில் மகனைச் சேர்த்திருந்தேன், பெயர் வேண்டாம். "டப்பா காலியாகத் திரும்ப வேண்டும்" என்பது அங்கே சட்டம். வீட்டிலிருந்து கொடுத்துவிடுவதை ஒரு பருக்கை விடாமல் தின்ன வைத்து அனுப்புவார்கள். முதல் மாதம் எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் அரை தோசை தின்னாதவன் அங்கே மூன்று தின்கிறானே என்று. இரண்டாம் மாதத்திலிருந்து தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். ஒரு நாள் பள்ளியில் வாந்தி. போய்ப் பார்த்தால், ஒருத்தி கன்னத்தை அமுக்கிப் பிடிக்க இன்னொருத்தி வாயில் திணிக்கிறாள். கோபத்தில் அல்ல, சிரித்துக்கொண்டேதான். அம்மா டப்பாவைத் திறந்து பார்ப்பாளே என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தைக் கொடுத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. டப்பாவில் இரண்டு துண்டு மீந்திருந்தால் அலைபேசியில் கேட்கிறவள்தான் நானும்.

இப்போது வேறு இடம். மீதம் வந்தால் வரட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பாதி நாள் பாதி டப்பா திரும்பி வருகிறது. பையன் நன்றாகத்தான் இருக்கிறான்.

ஓய்வில்_டீச்சர் | செவ்வாய், காலை 6.15

தம்பி, "பழகிவிடும்" என்று சொன்ன டீச்சரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கன்வாடியில் முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்தவள் நான். அதே வார்த்தையை நானும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். எடை போட வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும், நடுவில் தடுப்பூசி நாள் வேறு. அந்த நேரத்தில் ஒருவர் வந்து கேட்டால் வாயில் வருவது அதுதான்.

முதலில் முட்டை. ஒரு சந்தேகத்தை நீங்கள் நேரில் போய்த் தீர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் மையத்தில் அடுப்பு ஒன்றுதான். அதனால் உதவியாளரம்மா காலையிலேயே முட்டையை வேக வைத்துவிடுவார். இறக்கிய பிறகும் அது அந்தக் கொதிதண்ணீரிலேயே கிடக்கும். பதினொன்றே முக்காலுக்கு உரித்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையும் சாம்பலுமாக ஒரு வளையம். வெள்ளைக்கருவில் இருக்கிற கந்தகமும் மஞ்சள் கருவில் இருக்கிற இரும்பும் சேர்ந்து ஏற்படுவது அது. கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் வாடை அடிக்கும். நமக்கு அது பெரிதாகத் தெரியாது. மூன்று வயதுப் பிள்ளை மூக்கருகே கொண்டுபோன உடனே தட்டில் வைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. அதுவரை "முட்டை பிடிக்காத பிள்ளைகள்" என்று ஒரு பட்டியலே என் தலைக்குள் இருந்தது. கொதி வந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இறக்கிப் பச்சைத் தண்ணீரில் போடச் சொன்னேன். பட்டியலில் பாதி பேர் காணாமல் போனார்கள்.

மஞ்சள் கரு தொண்டையில் அடைக்கும், அதையும் யாரும் நினைப்பதில்லை. முழு முட்டையைக் கையில் கொடுக்காமல் நாலாக அறுத்துச் சோற்றோடு சேர்த்து வைத்தால் விக்காது. பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். இருபது பிள்ளைக்கு ஒரு குடம், அதுவும் அடுக்களையில் என்றால் எந்தப் பிள்ளை எழுந்து போய்க் கேட்கும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் பரிமாறி முடித்த பிறகு நானும் உதவியாளரும் அடுக்களையில் நின்றபடி எங்கள் டப்பாவைத் திறப்போம். வெகு காலம் இப்படித்தான் நடந்தது. ஒரு தடவை கால் சுளுக்கி நிற்க முடியாமல், பிள்ளைகள் வரிசையிலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் டப்பாவில் சீனியவரைக்காய்ப் பொரியல். எதிரே இருந்த நாலு பிள்ளைகளும் தங்கள் தட்டைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்தார்கள். ஒருத்தி "டீச்சர், அது என்ன பச்சைக்குச்சி?" என்றாள். ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். இரண்டு பேர் தின்றார்கள், ஒருத்தன் துப்பினான், இன்னொருத்தி சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். கால் சரியான பிறகும் நான் தரையிலிருந்து எழவில்லை.

ஆகவே டீச்சரிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை தம்பி. ஒரு முட்டை நாளாகப் பார்த்து, பதினொன்றரைக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். கை கழுவுவதிலிருந்து எழுந்திருப்பது வரை வாய் திறக்காமல் பாருங்கள். அவளுக்கு உங்களைத் தெரியக் கூடாது.

தட்டும்_இலையும் | செவ்வாய், பகல் 2.20

நான் முக்கூடல் பக்கம், பீடி சுற்றுகிறவள். டீச்சரம்மா சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று, அதை நான் சொல்கிறேன். தப்பு என்னுடையது என்பதால் எனக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் தட்டை மடியில் வைத்துவிட்டால் ஆயிரம் சுற்றி முடிக்கிறவரை எழ முடியாது. இலை நறுக்குகிற நேரத்தில் பிள்ளை வந்து முந்தானையை இழுப்பான். ஐந்து ரூபாயைக் கொடுத்தால் பெட்டிக்கடையில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு பால்வாடிக்கு நடந்துவிடுவான். வழி முழுக்க அதைத் தின்றுகொண்டே போவான். பத்தரைக்கு அங்கே சத்துமாவு உருண்டை. பதினொன்றே முக்காலுக்குச் சோறு. எங்கே இறங்கும்? சோறு பிடிக்கவில்லை என்று மையத்தை ஏசிக்கொண்டிருந்தேன். அங்கே இருக்கிற ஆயா ஒருநாள் என் மகன் டிரவுசர் பையிலிருந்து நாலு காலிப் பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

காசு கொடுப்பதை நிறுத்திவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். பால்வாடி விட்டு வந்த பிறகு கொடுக்கிறேன். இப்போது அங்கே சோறு தின்கிறான்.

வெள்ளைக்கோட்டு | செவ்வாய், இரவு 11.10

குழந்தை மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறேன். டீச்சர் தரையில் உட்கார்ந்து கண்டுபிடித்ததை அமெரிக்காவில் ஆய்வாகவே செய்து எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது, ஆகவே இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

லியான் பிர்ச் என்று ஓர் உளவியலாளர். மழலையர் பள்ளிச் சாப்பாட்டு மேசைகளிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர். 1980-இல் அவர் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு காய் பிடிக்காத பிள்ளையை, அந்தக் காய் பிடித்த மூன்று நான்கு பிள்ளைகளுக்கு நடுவில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை, வற்புறுத்தவும் இல்லை. தொடர்ந்து நான்கே நாள். அதற்குள் அந்தப் பிள்ளை தனக்குப் பிடிக்காத காயைத் தானே எடுக்க ஆரம்பித்தது. சில வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றம் இருந்தது.

ஆசிரியர்களைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு, 2000-இல் வந்தது. ஆசிரியர் பேசாமல் உட்கார்ந்து தின்றால் பலன் இல்லை. "ம்ம், எனக்கு மாம்பழம் என்றால் உயிர்!" என்று ரசித்துச் சொல்லித் தின்றால் பிள்ளைகளும் எடுத்தார்கள். அதிலும் ஒரு சங்கடம். பக்கத்தில் இருக்கிற தோழன் வேறொன்றைத் தின்றால் ஆசிரியரின் ரசனை எடுபடவில்லை. அந்த வயதில் டீச்சரைவிடத் தோழன்தான் பெரியவன்.

பாளை அக்கா சொன்ன திணிப்புக்கும் கணக்கு இருக்கிறது. 2006-இல் பிர்ச்சும் அவரோடு வேலை பார்த்தவர்களும் மழலைப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுக்கும்போது "குடித்து முடி, குடித்து முடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மற்றதைச் சும்மா வைத்தார்கள். சும்மா வைத்த சூப்பைத்தான் அதிகம் குடித்தார்கள். நச்சரிக்கப்பட்டவர்கள் சூப்பைக் குறை சொன்னதும் அதிகம். "இதைத் தின்றால் அது தருவேன்" என்கிற பேரத்துக்கும் அதே கதி. பரிசுக்காகக் குடித்த பானம் பிற்பாடு முன்னைவிடப் பிடிக்காமல் போயிற்று என்று 1984-இலேயே எழுதிவிட்டார்கள்.

அவள் எடை சரியாக ஏறுகிறதா என்று மையத்து வளர்ச்சி அட்டையைப் பாருங்கள். முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல் மூன்று மடங்காகிற பிள்ளை, இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்கு இரண்டு கிலோ அளவுதான் ஏறும். வளர்ச்சி மெதுவானால் பசியும் மெதுவாகும். புதிதாக எதைக் கண்டாலும் வாயை மூடிக்கொள்வதும் இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள்தான் உச்சம். அங்கன்வாடியில் மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு நாளைக்கு இத்தனை கலோரி, இத்தனை கிராம் புரதம் என்று அரசுக் கணக்கு ஒன்று உண்டு. அது தட்டில் வைக்கிற கணக்கு. வயிற்றின் கணக்கு ஒவ்வொரு நாளும் வேறாகத்தான் இருக்கும்.

நுங்குவண்டி | புதன், காலை 7.50

மாம்பழம் தின்ன வைக்க ஆராய்ச்சியா? டாக்டர் தம்பி, அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஒரு சித்திரை மாதம் இங்கே அனுப்பச் சொல்லுங்கள். கொட்டையைப் பிடுங்கத்தான் ஆள் வேண்டியிருக்கும்.

ஆனால் அந்தத் தோழன் விஷயம் உண்மை. நான் சொதி தின்ன ஆரம்பித்ததே பக்கத்து வீட்டு மாப்பிள்ளை அழைப்புச் சாப்பாட்டில், என் சேக்காளி மூன்று தடவை வாங்கியதைப் பார்த்துத்தான். அதற்கு முன்னால் தேங்காய்ப்பால் என்றாலே ஓடுவேன்.

உளுந்தங்களி | புதன், காலை 8.30

இஞ்சிப் பச்சடி இல்லாமல் சொதி சாப்பிடுகிறவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்களா என்று ஒரு கணக்கெடுக்க வேண்டும்.

மட்டுறுத்துநர் | புதன், காலை 9.00

சொதிக்குத் தனி இழை இருக்கிறது. அதில் 212 பதிவுகள் ஏற்கெனவே ஓடிவிட்டன. இங்கே பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

உளுந்தங்களி | புதன், காலை 9.12

சரி, பிள்ளையைப் பற்றி. என் தங்கை மகனுக்கும் இதே வயது. அவனுக்குப் பிரச்சினை சாப்பாட்டில் இல்லை, தட்டில். மையத்தில் எவர்சில்வர் தட்டைத் தொடையில் வைத்துச் சூடாகப் பரிமாறினால் தொடை சுடுகிறது என்று தள்ளிவிடுவான். தரையில் வைத்துக்கொள் என்றால் எறும்பு. இதைச் சொல்லத் தெரியாத வயது. சாம்பார் சாதம் பிடிக்கவில்லை என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு துண்டை நாலாக மடித்துக் கொடுத்துவிட்டாள் தங்கை. முடிந்தது.

வத்தல் பொடியும் பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் ஒரே சட்டியில்தான் சமையல். ஐந்து வயதுக்குச் சுள்ளென்று இருந்தால் இரண்டு வயதுக்குக் கண்ணீர் வரும்.

ஆற்றுமேட்டுக்காரன் | வியாழன், இரவு 8.45

டீச்சரம்மா சொன்னபடியே செய்தேன். இன்று முட்டை நாள். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பதினொன்று இருபதுக்குப் போனேன். டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு அவரே அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தார். மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் நல்ல இடைவெளி.

பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

பதினேழு பிள்ளைகள். வாளித் தண்ணீரில் வரிசையாகக் கை கழுவினார்கள். என் மகள் நான்காவது. இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்தாள். பாயில் வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் ஒரு சின்னப் பையன், இரண்டு வயது இருக்கும், அவனுக்கு ஆயா ஊட்டுகிறார். எலுமிச்சைச் சாதம் வந்தது. முட்டை வந்தது. டீச்சரம்மா, முட்டையில் பச்சை வளையம் இல்லை. நான் எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அவள் முட்டையை எடுத்தாள். தொடுவதே இல்லை என்று சொன்னார்களே, அது பொய். எடுத்தாள், இடக்கையால். வாய்க்குப் பாதி தூரம் போயிருக்கும். ஆயா சின்னவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, "சோற்றுக்கை எது கண்ணு?" என்று கேட்டு, முட்டையை மெதுவாக வாங்கி வலக்கையில் வைத்து, இடக்கையைப் பிடித்து மடியில் வைத்தார். அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. கொஞ்சிக்கொண்டே செய்தார். என் மகள் வலக்கையில் இருந்த முட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தட்டில் வைத்துவிட்டாள். பிறகு இடக்கையைத் தொடைக்கு அடியில் திணித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வலக்கையால் சோற்றை அளைந்தாள். அந்தக் கையால் அவளுக்குப் பிசையவே வரவில்லை. உருட்டினாள், வாய்க்குப் போவதற்குள் உதிர்ந்தது. இன்னும் ஒரு தடவை. பிறகு விட்டுவிட்டாள்.

வீட்டில் சோறு என்றால் ஆச்சிதான் ஊட்டுகிறார். முட்டையை மட்டும்தான் அவளாகத் தின்பாள். எந்தக் கையால் என்று நாங்கள் யாரும் இதுவரை பார்த்ததில்லை. சிலேட்டில் இடக்கையால் கிறுக்குவாள், அதைப் பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளைதானே என்று விட்டுவிட்டேன். மூட்டைக்குப் பின்னால் எனக்கு உட்கார முடியவில்லை.

பாளை_அம்மா | வியாழன், இரவு 9.02

தொடைக்கு அடியில் வைத்தாள் என்று படித்ததும் எனக்கு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

நுங்குவண்டி | வியாழன், இரவு 9.20

கேட்கப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயா செய்ததில் என்ன தப்பு? நாளைக்குக் கலியாண வீட்டுப் பந்தியில் பிள்ளை பீச்சாங்கையால் சாப்பிட்டால் ஊர் என்ன சொல்லும்? இப்போதே திருத்தினால்தான் உண்டு. என் அண்ணன் இடக்கைக்காரன்தான். அப்பா விறகுக்கட்டையை எடுத்தார், மாறிவிட்டான்.

ஓய்வில்_டீச்சர் | வியாழன், இரவு 9.48

அண்ணாச்சி, உங்கள் அண்ணன் கையெழுத்து எப்படி?

நுங்குவண்டி | வியாழன், இரவு 9.55

கோழி கிண்டினாற்போல இருக்கும். எழுதும்போது திக்கவும் செய்வான், அதாவது பேச்சு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

வெள்ளைக்கோட்டு | வியாழன், இரவு 10.30

நூற்றில் பத்துப் பேர் அளவுக்கு இடக்கைக்காரர்கள். இருபது பிள்ளை இருக்கிற மையத்தில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். கழுவிய கை எதுவானாலும் சுத்தம்தான். கால் கழுவ ஒரு கை, சோற்றுக்கு ஒரு கை என்று வீட்டில் பிரித்திருக்கிறோம். அது சோப்பு இல்லாத காலத்து நியாயம். பந்தியில் எப்படி உட்காருவது என்பதை அவள் பத்து வயதில் தானே முடிவு செய்துகொள்ளட்டும். இப்போது அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த இடத்தில் முட்டையை எடுத்தால் கையைப் பிடிப்பார்கள். சிரித்துக்கொண்டே பிடித்தாலும் அவளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஓய்வில்_டீச்சர் | வெள்ளி, காலை 5.50

இரவு தூக்கம் வரவில்லை. முப்பத்துமூன்று வருடத்தில் எத்தனை பிள்ளைகளின் கையை நான் இப்படி மாற்றி வைத்திருப்பேன் என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன். சோற்றுக்கை எது என்று கேட்பது எங்களுக்குப் பாடத்தில் ஒன்றுபோல. நல்ல பழக்கம் கற்றுக்கொடுக்கிறோம் என்றுதான் நினைப்பு. என் "முட்டை பிடிக்காதவர்கள்" பட்டியலில் பாதி பேர் பச்சை வளையத்தில் போனார்கள் என்றேன். மீதியில் இப்படி யார் யார் இருந்தார்களோ.

தம்பி, டீச்சரிடம் சொல்லும்போது ஆயாவை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள். அந்த அம்மாவின் சம்பளம் என்ன என்று எனக்குத் தெரியும். சமையல், பெருக்கல், பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுவது எல்லாம் அவர்தான். குற்றம் சாட்டுகிற மாதிரி ஆகிவிட்டால் அடுத்த நாளிலிருந்து உங்கள் பிள்ளை பக்கமே திரும்பமாட்டார், அது இன்னும் மோசம். "இவள் இடக்கைக்காரி, வீட்டில் நாங்கள் விட்டுவிட்டோம், நீங்களும் விட்டுவிடுங்கள்" என்று சொல்லுங்கள் போதும். சுவர் ஓரத்திலிருந்தும் மாற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் ஊட்டுகிற பிள்ளை இருந்தால் ஆயாவின் கண் எப்போதும் அவள் மேலேயே இருக்கும். நன்றாகத் தின்கிற பையன் ஒருத்தன் எல்லா மையத்திலும் இருப்பான், அவனுக்குப் பக்கத்தில் வையுங்கள். இடக்கை அவன் பக்கம் வராமல், இரண்டு பேர் முழங்கையும் முட்டாமல், அவனுக்கு இடப்பக்கமாக.

தட்டும்_இலையும் | வெள்ளி, பகல் 1.40

முழங்கை முட்டாமல் என்று டீச்சரம்மா யோசிக்கிறார்களே! பீடித்தட்டோடு நாலு பேர் திண்ணையில் உட்காரும்போது நாங்களும் அப்படித்தான். எங்கள் செட்டில் ஒரு இடக்கைக்காரி உண்டு, அவளுக்கு எப்போதும் ஓர இடம். வேகத்தில் எங்களை அடித்துவிடுவாள்.

ஆற்றுமேட்டுக்காரன் | திங்கள், இரவு 9.15

சொல்லிவிட்டேன். டீச்சர் உடனே சரி என்றார். ஆயா என்னிடம் வந்து, "எனக்குத் தெரியாமல் போயிற்றே அண்ணே, கொஞ்சத்தானே செய்தேன்" என்று கண் கலங்கினார். எனக்குத்தான் சங்கடம். வீட்டில் எங்களுக்கே தெரியாது என்றேன். அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஊட்டுவதை நிறுத்திவிட்டு, பிள்ளை இடக்கையால் தின்னும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார்.

இன்று முட்டை. சுவர் ஓரத்திலிருந்து மாற்றி, நடு வரிசையில் ஒரு குண்டுப் பையனுக்கு இடப்பக்கம் உட்கார வைத்தார்களாம். கூட்டி வரும்போது கேட்டேன். மஞ்சள் கருவை மட்டும் தின்றாளாம். வெள்ளையை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டாளாம். "எந்தக் கையால் கொடுத்தாய்?" என்று கேட்டதற்கு, ஒரு கையில் பை, ஒரு கையில் என் விரல், எதையும் விடாமல் தோளை மட்டும் ஆட்டிக் காட்டினாள். இடத்தோள்.

ஓய்வில்_டீச்சர் | திங்கள், இரவு 9.30

அந்தப் பையனை அங்கிருந்து மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுங்குவண்டி | திங்கள், இரவு 9.41

வெள்ளைக்கருவை வேண்டாம் என்கிறவள் நல்லமிளகு இல்லாததால் சொல்லியிருப்பாள். ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்துவிடுங்கள் தம்பி. அண்ணனிடம் இன்று பேசினேன். கட்டை எடுத்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்குத்தான் ஒரே அடி என்று நினைப்பு.